அத்தைக்கு ஆறு வேளை

கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வடியவில்லை. லிஃப்ட் மெக்கானிக் காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலேயே குளியலறைத் தரையில் முழங்காலிட்டு, தொட்டிக்கு அடியில் இருந்த வளைகுழாயைக் கழற்றினார். முடியோ சோப்புத் துண்டோ வரும் என்று நினைத்தார். மஞ்சளாகக் கூழ் வந்து வாளியில் தொப்பென்று விழுந்தது. பூசணி. அதன் பின்னால் பருப்பு. அதற்கும் பின்னால், குழாயின் வளைவில் இறுகிப் போய், உருளைக்கிழங்கு.

எல்லாம் அவர் கையால் செய்ததுதான். வேகவைத்து, மிக்ஸியில் இரண்டு முறை அரைத்து, ஒரு திப்பிகூட இல்லாமல் சல்லடையில் தேய்த்து எடுத்தது. மூன்று நாளாக டப்பாக்கள் காலியாகி, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்து, "அத்தை சாப்பிடத் தொடங்கிட்டாங்க" என்று தன் அக்காவுக்கு போன் போட்டுச் சொல்லியிருந்தார். அப்படியும் எடை ஏன் இறங்குகிறது என்பது இப்போது விளங்கியது. வாளியை அணைத்தபடி ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அத்தை என்றது அவருடைய மாமியாரை. அறுபத்துமூன்று வயது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் மேசையில் முப்பத்தொரு வருடம் நின்றவர். அங்கே அவருக்குக் கத்தரி அக்கா என்று பெயர். துணி வெட்டியதற்காக மட்டும் வைத்த பெயர் அல்ல அது. மேலாளரானாலும் மாப்பிள்ளையானாலும் ஒரே வெட்டுத்தான். கல்யாணமான புதிதில் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும், "ஊரையே மேல ஏத்தி இறக்குறாரு மாப்பிள்ளை, தான் எப்ப மேல போறதுன்னுதான் இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காரு" என்று சொன்னார். மாப்பிள்ளை அதைப் பல வருடம் மறக்கவில்லை. இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பதைத் தவிர அவர்களுக்குள் பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. நடுவில் அவள் இருந்தாள். இவருக்கு மனைவி, அவருக்கு ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன்பு வேலை செய்த இடத்திலேயே தலை வலிக்கிறது என்று மேசையில் சாய்ந்தவள், எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள்.

குழந்தை இல்லை. மகள் போன பிறகு மருமகன் வேறு இடம் பார்த்துக்கொள்வார் என்றுதான் உறவுக்காரர்கள் எல்லோரும் நினைத்தார்கள். போகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, போங்கள் என்று அத்தையும் சொல்லவில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில், ஒருவர் டிவி பார்க்கும்போது மற்றவர் துணி மடித்துக்கொண்டு, அப்படியே நாள் ஓடியது.

அத்தையின் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து நாக்கின் இடது ஓரத்தைக் கீறிக்கொண்டே இருந்தது. அங்கே புண் வந்தது. ஐந்து மாதம் தேனைத் தடவிக்கொண்டு அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் இல்லையே என்று நினைத்தாரோ என்னவோ. பேச்சு குழறத் தொடங்கிய பிறகுதான் மெக்கானிக் கவனித்தார். அவர் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனபோது அது புற்றாகி இருந்தது. நாக்கில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்தார்கள். முன்கையிலிருந்து தோல் எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். இடது பக்கக் கீழுதடு மரத்துப் போனது. பதினான்கு நாள் கழித்து, உணவு செலுத்தப் போட்டிருந்த மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, ஒரு தாளைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மென்மையான உணவு. சூடு கூடாது, காரம் கூடாது, புளிப்பு கூடாது. நாளுக்கு ஆறு வேளை. புரதம் அதிகம் தேவை. தாளின் பின்பக்கமும் ஏதோ அச்சடித்திருந்தது. அதை அவர் படிக்கவில்லை.

அன்றைக்கு அத்தையின் எடை நாற்பத்தேழு கிலோ. தொட்டிக் குழாயைக் கழற்றிய இந்தக் காலையில் நாற்பத்து மூன்றரை.

வாளியைக் கழுவிவிட்டு மெக்கானிக் கூடத்துக்கு வந்தார். அத்தை ஜன்னலோர நாற்காலியில் கழுத்தில் துண்டைச் சுற்றி, வாயைக் கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தார். பேச முடியாததால் மடியில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருந்தன. கேட்கத்தான் வந்தார். அந்தத் தோள் எலும்பைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை.

"நேத்து செஞ்சது நல்லா இருந்துச்சா அத்தை?"

அத்தை அவர் முகத்தைப் பார்க்காமல் தலையசைத்தார்.

"சரி, இன்னிக்கும் அதையே செய்யுறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அவர் சமையல் தெரிந்தவர் அல்ல. மனைவி இருந்தவரை அவளும் அத்தையும் செய்தார்கள், பிறகு அத்தை செய்தார். மோட்டாரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கை, ஒரு கிண்ணம் பருப்பை அடி பிடிக்காமல் வேகவைக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டது. முதல் நாள் கட்டி தட்டியது. அத்தைக்குப் புரையேறி, இருமி, கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த இருமலைக் கேட்டுப் பயந்துபோனவர், அன்றிலிருந்து எல்லாவற்றையும் தண்ணீராக்கத் தொடங்கினார். பருப்பை அரைத்துப் பாதிக்குப் பாதி வெந்நீர் விட்டார். ஓட்ஸ் கஞ்சியைப் பால் போலக் கரைத்தார். தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கட்டும் என்று நினைத்தார். அத்தை துண்டால் வாயை மூடியபடி நாலு ஸ்பூன் வாங்கிக்கொண்டு நோட்டில் "போதும்" என்று எழுதுவார். மீதியை அப்புறம் சாப்பிடுகிறேன் என்று கையால் காட்டுவார். ஆஸ்பத்திரியில் கூட இருந்ததில் அவருடைய விடுப்பு எல்லாம் தீர்ந்திருந்தது. காலை எட்டு மணிக்கு டப்பாக்களில் அடைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார், மதியம் ஓடி வருவார், மறுபடி போவார்.

அந்த வாரப் பரிசோதனையில் டாக்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "ஆபரேஷன் பண்ணி ஆறு வாரத்துக்குள்ள கதிர்வீச்சு தொடங்கியாகணும். அப்ப தலை அசையாம இருக்க முகத்துக்கு அளவெடுத்து ஒரு கவசம் செய்வோம். இப்படி வாரத்துக்கு மூணு கிலோ இறங்கினா, இன்னிக்கு எடுத்த அளவு அடுத்த வாரம் பொருந்தாது. அதோட, இந்த உடம்பு அந்தச் சிகிச்சையைத் தாங்காது. எடை இறங்குறது நிக்கணும். நிக்கலைன்னா வயித்துல குழாய் வைக்கணும், அதுக்கும் ஒரு மயக்க மருந்து."

அளவு பொருந்தாது என்றபோது அத்தை நிமிர்ந்து பார்த்தார். வாழ்க்கை முழுக்க அளவு பார்த்து வெட்டியவர். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் தன் அக்காவுக்கு போன் செய்தார். அக்கா வேறு ஊரில் இருந்தாள். "ஒரு முட்டையை நல்லா அடிச்சு அந்தப் பூசணியில கலந்துடுடா. மிக்ஸியில போட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

"அவங்க சாப்பிட மாட்டாங்கக்கா."

"உசிரு இருந்தாத்தானே சாப்பிட மாட்டேன்னு சொல்லுறதுக்கு?"

அத்தை முப்பது வயதில் ஒருநாள் முட்டையையும் கறியையும் விட்டவர். ஏன் என்று மகளிடம்கூடச் சொன்னதில்லை. மெக்கானிக் வெளியில் கறி தின்றுவிட்டு வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அன்றைக்கு அவர் தட்டைத் தனியாகக் கழுவ வைப்பார். அதெல்லாம் மெக்கானிக்குக்குத் தெரியும். தெரிந்தும், மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் கடையில் இரண்டு முட்டை வாங்கி, திரும்பி வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூசணியில் கலந்தார். முட்டை ஓடுகளைக் காகிதத்தில் சுற்றித் தன் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஜாதிக்காய்த் தூள் கொஞ்சம் போட்டால் வாடை தெரியாது என்று அக்கா சொல்லியிருந்தாள். போட்டார்.

அத்தை முதல் ஸ்பூனை வாய் வரை கொண்டுபோய் நிறுத்தினார். வெட்டியது நாக்கைத்தான், மூக்கை அல்ல. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு நோட்டை எடுத்தார்.

"முட்டை."

"இல்ல அத்தை. பால் பவுடர். புது பாக்கெட்டு, அதான் வாடை."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடியில் இன்னொரு சொல் எழுதினார். "பொய்." நோட்டை மூடினார்.

அதன் பிறகு இரண்டு நாள் தண்ணீரைத் தவிர எதையும் அவர் கையிலிருந்து வாங்கவில்லை. மெக்கானிக் மன்னிப்புக் கேட்டார். பாத்திரங்களையும் மிக்ஸி ஜாரையும் அத்தை கண் முன்னால் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினார். வாழைப்பழத்தைத் தோலோடு கொண்டுவந்து, எதிரிலேயே உரித்து, எதிரிலேயே மசித்துக் கொடுத்தார். அத்தையின் கை நீளவில்லை. மூன்றாம் நாள் காலை எடை பார்க்கும் கருவியில் ஏற்றினார். நாற்பத்தொன்று புள்ளி நான்கு. ஆறு வாரக் கெடுவில் இன்னும் இரண்டரை வாரம்தான் இருந்தது.

அப்போதுதான் அவர் கத்தினார். இருபது வருடத்தில் ஒருமுறைகூட அந்த வீட்டில் குரல் உயர்த்தாத மனிதர்.

"நான் என்னதான் செய்யணும்? சொல்லுங்க! அவ போனப்ப ஒண்ணும் செய்ய நேரமே இல்ல. இப்ப நேரம் இருக்கு, மருந்து இருக்கு, சாப்பாடு இருக்கு. நீங்களா கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தா நான் எந்தப் பக்கமாத்தான் உள்ள வர்றது?"

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெக்கானிக் ஒரு வழக்கத்துக்காக மட்டும் டப்பாவில் பருப்புக் கரைசலை வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அன்று அவர் போன கட்டடத்தில் காலையிலிருந்தே மின்சாரம் இல்லை. காவலாளி, "மதியத்துக்கு மேலதான் வரும், போயிட்டு வாங்க" என்றார். பதினொரு மணிக்கே வீடு திரும்பினார். கூடத்தில் அத்தை இல்லை. டப்பாவும் இல்லை. குளியலறைக் கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளே ஏதோ சத்தம். விழுந்துவிட்டாரோ என்று பதறித் தள்ளினார்.

அத்தை முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே, தொட்டிக்கு மேலே சின்னக் கண்ணாடி. தொழிற்சாலையில் போட்டிருந்த பழைய நீல மேலங்கியை முன்பக்கம் கட்டியிருந்தார். கையில் ஸ்பூன். வாயில் ஊற்றிக்கொண்ட கரைசல் அப்படியே இடது உதட்டோரமாக வழிந்து, தாடையில் ஓடி, மேலங்கி முழுக்கப் படிந்து, மடியில் குளமாக நின்றது. அவர் அதை அறியாமல் விழுங்க முயன்றுகொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் வழிவது தெரிந்து, கையால் அள்ளி மறுபடி வாய்க்குள் தள்ளினார். அதுவும் வழிந்தது. கன்னத்தில் கண்ணீரும் அதுவும் கலந்திருந்தன.

கண்ணாடியில் மருமகனைக் கண்டதும் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். அது சொல்லாக வரவில்லை. போ என்பதுதான் அது.

மெக்கானிக் வெளியே வந்து கதவைச் சாத்தினார். கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

"அத்தை, நான் வெளியிலதான் இருக்கேன். உள்ள வரமாட்டேன். காலையில கத்துனது தப்பு. முட்டை போட்டதும் தப்பு. பயத்துல செஞ்சேன். ஆனா இது… இது எத்தனை நாளா இப்படி?"

உள்ளே நோட்டில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு அடியிலிருந்து நோட்டுத்தாள் ஒன்று நகர்ந்து வந்தது. ஒரு மூலை நனைந்திருந்தது.

"முதல் நாள்ல இருந்தே. உதடு எங்க இருக்குன்னே தெரியல. ஒரு ஸ்பூன் உள்ள போனா ரெண்டு ஸ்பூன் வெளிய வருது. மாப்பிள்ளை முன்னால எச்சில் ஒழுக எப்படி உக்காந்து சாப்பிடுறது? தனியா முயற்சி பண்ணிட்டு, மீதியைக் கொட்டிடுவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருக்கலாமே அத்தை?"

இரண்டாவது தாள் வந்தது.

"மக இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அதைப் படித்துவிட்டு அவர் எழுந்திருக்கவில்லை. அழுதார். உள்ளே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. முகம் கழுவுகிறார் என்று தெரிந்துகொண்டு காத்திருந்தார்.

பிறகுதான் ஆஸ்பத்திரித் தாளை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். சந்தேகம் இருந்தால் கூப்பிடவும் என்று உணவு ஆலோசகரின் எண் இருந்தது. எடுத்தவள் சின்ன வயதுக்காரி போலிருந்தாள். குளியலறையில் பார்த்ததையெல்லாம் அவளிடம் சொன்னார்.

"தண்ணியா குடுக்குறீங்களா? யாரு சார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான். ஈசியா இறங்கும்னு…"

"தண்ணி வேகமா ஓடும் சார். அவங்க நாக்காலயும் உதட்டாலயும் அதை நிறுத்த முடியாது. ஸ்பூனைச் சாய்ச்சா சட்டுனு ஊத்தக் கூடாது, கெட்டித் தயிர் மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னு மெதுவா விழணும். கட்டி இருக்கக் கூடாது, ஆனா கெட்டியா இருக்கணும். சின்ன ஸ்பூன்ல, உணர்ச்சி இருக்குற வலது பக்கம் வைக்கச் சொல்லுங்க. தலையும் லேசா வலது பக்கம் சாயட்டும். கண்ணாடி முன்னால சாப்பிடுறது நல்லதுதான், அதை நிறுத்தாதீங்க. ஆனா ஏன் சார் பாத்ரூம்ல?"

மெக்கானிக் நன்றி சொல்லி போனை வைத்தார். தான் பயந்து பயந்து விட்ட வெந்நீர்தான் அத்தனையும் வெளியே தள்ளியது என்பது அவர் மண்டையில் அப்போதுதான் ஏறியது.

அன்றைக்கே படுக்கையறையில் இருந்த மனைவியின் அலங்கார மேசையைச் சுத்தம் செய்தார். அவள் போனதிலிருந்து யாரும் தொடாத சீப்பையும் பவுடர் டப்பாவையும் எடுத்து அலமாரியில் வைத்தார். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு அடுக்குக் கைத்துண்டு வைத்தார். உருளைக்கிழங்கைப் பாலும் வெண்ணெயும் விட்டு மசித்து, அதில் அரைத்த பருப்பைச் சேர்த்து, ஸ்பூனைக் கவிழ்த்துப் பார்த்தார். நின்றது.

"வச்சிட்டேன் அத்தை. நான் வெளியில மாடிப்படியில உக்காந்துக்குறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. முடிஞ்சதும் கதவைத் தட்டுங்க, அப்பதான் வருவேன்."

ஐம்பது நிமிடம் படியில் உட்கார்ந்திருந்தார். மேலே போகிறவர்கள் "என்ன, வீட்டுச் சாவியைத் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். "ஆமாம்" என்றார். தட்டும் சத்தம் கேட்டு உள்ளே போனபோது கிண்ணத்தில் பாதி இருந்தது. துண்டுகளில் ஏழெட்டு நனைந்திருந்தன. ஆனால் பாதி உள்ளே போயிருந்தது.

கம்பெனியில் சண்டை போட்டு இரண்டு வாரம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தார். ஆறு வேளை. கடலையை வறுத்துத் தோல் நீக்கி, வெண்ணெய் போல அரைத்து வாழைப்பழத்தில் குழைத்தார். சோயா பால்கட்டியை ஆவியில் வைத்து, வெந்த கேரட்டோடு அரைத்தார். ஓட்ஸில் பால் பவுடரைக் கொட்டிக் களி போலக் கிண்டினார். தயிர் புளிக்குமுன் எடுத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். ஒவ்வொன்றையும் என்ன போட்டுச் செய்தார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தார். அது அவரே எடுத்த முடிவு. அத்தை முதலில் ஒவ்வொரு கிண்ணத்தையும் முகர்ந்து பார்த்தார். நாலைந்து நாளில் முகர்வதை நிறுத்தினார். சீட்டில் திருத்தம் எழுதத் தொடங்கினார். "உப்பு எங்க?" "கேரட் இன்னும் வேகணும்." ஒருநாள், "இதைச் சுவத்துல பூசலாம்." அதைப் படித்துவிட்டு மெக்கானிக் படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார்.

எடை உடனே ஏறவில்லை. நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. மறுபடி அதே இரண்டு. ஒருநாள் புரையேறிக் காய்ச்சல் வந்து, சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விட்டதோ என்று இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இல்லை என்று தெரிந்து திரும்பி வந்தார்கள். ஆறாவது வாரத்தின் முதல் நாளில் நாற்பத்தொன்று புள்ளி ஒன்பது. டாக்டர் முந்தைய எடைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இறங்குறது நின்னிருக்கு. கவசத்துக்கு அளவெடுங்க" என்றார்.

கதை அங்கே நல்லபடியாக முடியவில்லை. கதிர்வீச்சின் மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்கப் புண். எச்சில் பசை போல இறுகியது. தண்ணீர்கூட நெருப்பாக எரிந்தது. கண்ணாடி முன்னால் அத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு ஸ்பூன்கூட முடியாமல், கதவைத் தட்டி அவரை உள்ளே கூப்பிட்டார். முகத்தை மூடிக்கொள்ளவில்லை. தாடையில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "முடியல மாப்பிள்ளை. குழாய் போடச் சொல்லுங்க" என்று எழுதினார். மெக்கானிக் துண்டை எடுத்து அவரே துடைத்துவிட்டார். அத்தை தடுக்கவில்லை.

மயக்க மருந்தைத் தாங்கமாட்டார் என்று வயிற்றுக்குப் பதிலாக மூக்கிலேயே குழாய் போட்டார்கள், ஏழு வாரம் அதோடு இருந்தார். அதற்கும் மெக்கானிக்தான் அரைத்தார், இந்த முறை தண்ணீராகவே. புண் ஆறிய பிறகு மறுபடி முதல் ஸ்பூனிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. அத்தையின் எடை நாற்பத்தாறு. பேச்சு வந்துவிட்டது, ஆனால் வெளியாட்களுக்குப் பாதிதான் புரியும். கடையில் அவர் கேட்பதை மெக்கானிக் எடுத்துச் சொல்கிறார். சில சமயம் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லித் திட்டு வாங்குகிறார். அரைக்காத எதையும் அத்தையால் இன்னும் விழுங்க முடியாது, இனியும் முடியாது என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்கு முந்தின நாள் இரண்டு பேருக்குமே சாப்பாடு இறங்குவதில்லை. "நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ" என்று அத்தை குழறலாகக் கேட்பார். "தெரியல அத்தை. ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் கிண்ணத்திலும் அதே மசியலைப் போட்டுக்கொள்வார் மெக்கானிக்.